குழாயடியில் பேச முடியாதவை

2021 மே மாதத்தில் ஒண்டிக்கடை முக்கில் கார்களே இல்லை. வழக்கமாக ஏற்காட்டுக்குக் கோடை விழா வருகிற மாதம் அது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறி வரும் வண்டிகள் இந்த முக்கில் வந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலை. மே 10 முதல் முழு ஊரடங்கு. மிளகும் காபித்தூளும் மலைத்தேனும் விற்கும் கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டன. அப்படி இறக்கிய ஒரு ஷட்டருக்கு மேலே, அத்தை வீட்டு மாடியறையில், ஒரு சமூகப்பணி முதுகலை மாணவி மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். இடம்பெயர்ந்த மக்கள் நடுவே பெண்கள் மீது நடக்கும் வன்முறையிலிருந்து அவர்களைக் காப்பது எப்படி என்பதுதான் அவளுடைய பாடம்.

எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் களப்பணி இல்லாமல் பட்டம் இல்லை. கல்லூரி மூடிவிட்டது, களமும் மூடிவிட்டது. பேராசிரியர் ஒருவர் எங்கோ எழுதிக் கேட்டு, வீட்டிலிருந்தே செய்யும் பயிற்சி வேலையொன்றை வாங்கிக் கொடுத்தார். பல நாட்டு முகாம்களில் வேலை செய்யும் பணியாளர்களுக்கு மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் ஆலோசனை சொல்லும் சின்ன அமைப்பு அது. சம்பளம் கிடையாது, டேட்டா ரீசார்ஜுக்கு மட்டும் காசு. அவளை வேலை வாங்கியவர் கிளிநொச்சியில் பிறந்து வெளிநாட்டில் குடியேறிய ஓர் அக்கா. திரையில் முகம் தெரிவதற்கு முன்பே குரல் வந்துவிடும்: "பிள்ளை, கேக்குதோ?"

பெரும்பாலும் கேட்காது. மலையில் மேகம் இறங்கினால் சிக்னலும் இறங்கிவிடும்.

முதல் பயிற்சி, தொலைபேசியில் பேசிப் பழகுவது. பாதிக்கப்பட்ட பெண்ணாக ஒருவர் நடிப்பார். மற்றவர் பணியாளராகப் பேச வேண்டும். என்ன நடந்தது என்று எடுத்தவுடன் கேட்கக்கூடாது. "இப்போது நீங்கள் பேசக்கூடிய இடத்தில் இருக்கிறீர்களா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றால் எப்போது கூப்பிடலாம், நடுவில் யாராவது வந்துவிட்டால் எந்தச் சொல்லைச் சொல்லிப் பேச்சை மாற்றுவது, வேறு யாராவது போனை எடுத்தால் யார் பேசுவதாகச் சொல்வது என்று எல்லாவற்றையும் முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழக வேண்டியவளுக்கே அந்த வீட்டில் பேச இடம் இல்லை. கூடத்தில் மாமா செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். அடுக்களைக்கும் மாடியறைக்கும் நடுவே இருந்தது ஒரு தகரத் தடுப்பு. ஹெட்போன் போட்டால் அடுத்தவர் சொல்வது வெளியே கேட்காது. இவள் சொல்வது தெருவுக்கே கேட்கும். மொட்டைமாடிக்கு ஏறினாள்.

இரண்டொரு நாளில் அத்தை பிடித்துக்கொண்டார். "ஏங்கண்ணு, மொட்டமாடில நின்னுகிட்டு யாருகிட்ட, அடிக்கிறாரா, அடிக்கிறாரான்னு கேட்டுகிட்டே இருக்க? கீழக் கடைக்காரரு என்னைய வந்து விசாரிக்கிறாரு. நானும் உங்க மாமனும் சண்ட போடறோம்னு நெனச்சுட்டாரு போல."

அந்த நாள்களில் இந்தச் சிக்கல் உலகம் முழுவதும் இருந்தது. 2020 ஏப்ரலில் ஐ.நா. பெண்கள் அமைப்பின் தலைவர் பும்சிலே மிலாம்போ இங்குக்கா, தொற்றின் நிழலில் இன்னொரு தொற்று வளர்கிறது என்று எச்சரித்திருந்தார். ஊரடங்கு, அடிப்பவனையும் அடி வாங்குபவளையும் ஒரே வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது. உதவி எண்கள் எங்கும் விளம்பரமாயின. ஆனால் அவன் பக்கத்தில் இருக்கும்போது அந்த எண்ணை எப்படி அழுத்துவது? ஸ்பெயினின் கனேரித் தீவுகளில் அந்த ஆண்டு மார்ச்சில் ஒரு வழி கண்டார்கள். மருந்துக்கடைக்குப் போய் "மஸ்கரில்லா 19" வேண்டும், அதாவது 19ஆம் எண் முகக்கவசம் வேண்டும் என்று சொன்னால் போதும்; கடைக்காரர் அதிகாரிகளுக்குச் சொல்லிவிடுவார். ஊரடங்கிலும் ஒரு பெண் யாரிடமும் காரணம் சொல்லாமல் போய்வரக்கூடிய கடை என்பதால் மருந்துக்கடை.

முகாமில் மருந்துக்கடை ஏது?

தமிழ்நாட்டு முகாம்களின் கணக்கு 2021 ஆகஸ்டில் சட்டப்பேரவையிலேயே வாசிக்கப்பட்டது. 1983 முதல் இலங்கையிலிருந்து வந்தவர்கள் மொத்தம் 3,04,269 பேர். அப்போது 108 முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர். காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வெளியில் வாழ்ந்தவர்கள் 34,087 பேர். அவளுக்கு அருகில் இருந்த முகாம்கள் மலையிறங்கினால் சேலம் மாவட்டத்திலேயே இருந்தன: குறுக்குப்பட்டி, பவளத்தானூர், நாகியம்பட்டி. பேருந்து ஓடியிருந்தால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அவள் எழுதிய குறிப்புகளோ வங்கதேசத்துக் காக்ஸ் பஜாருக்குப் போய்க்கொண்டிருந்தன. வீட்டிலிருந்து வேலை செய்வதில் உள்ள வேடிக்கைகளில் இதுவும் ஒன்று. கூப்பிடு தூரமும் கடல் கடந்த தூரமும் திரையில் ஒரே அளவுதான்.

பல முகாம்களில் பழைய வீடு என்பது பத்தடிக்குப் பத்தடி அறை. இடையில் புடவையையோ தார்ப்பாயையோ கட்டித் தடுத்திருப்பார்கள். ஆண்களில் பலருக்குப் பெயிண்டிங் வேலை; ஊரடங்கில் அதுவும் நின்றது. வீட்டுக்கு ஒரே கைப்பேசி. அதில் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு. இப்படியொரு வீட்டில் இருக்கும் பெண்ணிடம், தனியாகப் போனில் பேசி உதவி பெறலாம் என்று துண்டறிக்கை கொடுத்தால் அது துண்டறிக்கை அடித்தவரின் திருப்திக்கு மட்டுமே உதவும். யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட ஒரு குறிப்பு, உதவி எண்ணும் கைப்பேசியும் மட்டும் போதாது என்பதைத் தலைப்பிலேயே சொல்லியது. போன் இல்லாத பெண்களும், இருந்தும் பேச முடியாத பெண்களும் ஏற்கெனவே போய்வரும் இடங்களைத் தேடுங்கள் என்பது அதன் சாரம். அந்தக் குறிப்பைச் சுருக்கித் தமிழில் எழுதித் தரும் வேலை அவளிடம் வந்தது.

எழுதுவதற்கு முன் அத்தையிடம் கேட்டாள். அத்தை பிறந்து வளர்ந்தது காபி எஸ்டேட் லைன் வீட்டில்.

"லைன்ல எங்க கண்ணு தனியாப் பேசறது? எதுன்னாலும் குழாயடிலதான். ராத்திரி புருசங்காரன் அடிச்சிருந்தான்னா மறுநா காலைல அவ கொடத்தத் தூக்கறதுலயே தெரிஞ்சு போயிரும்."

"தெரிஞ்சா என்ன செய்வீங்க அத்த?"

"என்னத்தச் செய்யறது. அவ கொடத்த நாங்க தூக்கிட்டுப் போயி வெச்சுட்டு வருவோம்."

"யாரும் போயி அவர்கிட்டக் கேக்க மாட்டாங்களா?"

"கேட்டா அன்னிக்கு ராத்திரி அவளுக்கு இன்னொருக்கா விழும்."

இந்த உரையாடலை அவள் அப்படியே அக்காவுக்கு எழுதினாள். உடனே பதில் வந்தது: "உங்கட அத்தையைச் சம்பளத்துக்கு எடுக்க ஏலுமோ எண்டு கேட்டுப் பாருங்கோ." அதன் கீழே வேலைக்கான கேள்வி: குழாயடியில் எல்லாருக்கும் தெரிகிறது, எல்லாருக்கும் தெரிவதால்தான் அங்கே எதுவும் சொல்ல முடிவதில்லை. போய்வர யாரும் தடுக்காத இடமாகவும் இருக்க வேண்டும், சொன்னது வெளியே போகாத இடமாகவும் இருக்க வேண்டும். முகாமில் அப்படி எது இருக்கிறது?

காக்ஸ் பஜாரில் அதற்கு ஒரு விடை இருந்தது. 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு மியான்மரிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். அங்குள்ள பெண்களுக்கான மையங்களைச் சாந்தி கானா என்று அழைத்தார்கள். உள்ளே தையல் நடக்கும், மருதாணி வைப்பார்கள், குழந்தை விளையாடும், சும்மா படுத்துத் தூங்கவும் செய்யலாம். உள்ளே ஓர் அறையில் பயிற்சி பெற்ற பணியாளர் இருப்பார். வாசலில் நின்று பார்ப்பவனுக்கு எந்தப் பெண் எதற்காகப் போகிறாள் என்று தெரியாது. 'வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான உதவி மையம்' என்று கொட்டை எழுத்தில் பலகை மாட்டியிருந்தால் அந்த வாசலில் ஒருத்தியும் கால் வைத்திருக்க மாட்டாள். நம் ஊரில் நல்ல எண்ணத்தோடு திறக்கப்படும் எத்தனையோ மையங்கள் பலகையாலேயே கெடுகின்றன.

தமிழ்நாட்டு முகாமுக்கு இதைப் பொருத்திப் பார்த்தபோது சுயஉதவிக் குழுக் கூட்டம், தையல் வகுப்பு, பால்வாடி, தடுப்பூசி நாள் என்று பட்டியல் நீண்டது. ஊரடங்கில் தடுப்பூசி நாள் மட்டுமே மிஞ்சியது.

அடுத்து வந்த வேலையை எல்லாரும் சலிப்பாகப் பேசுவார்கள்: சேவைப் பட்டியல். ஒரு பெண் வந்து சொன்னால் அவளை எங்கே அனுப்புவது என்று மாவட்டவாரியாக எண்களைச் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும். அரசு மருத்துவமனை, மாவட்டச் சமூக நல அலுவலகம், அனைத்து மகளிர் காவல் நிலையம், இலவச சட்ட உதவி மையம், 2015 முதல் மத்திய அரசு தொடங்கிய 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம், தமிழ்நாட்டில் 2018 டிசம்பரில் தொடங்கிய மகளிர் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லை. ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டுப் பார்த்தபோதுதான் சங்கதி தெரிந்தது. ஒரு மாவட்டத்தில், "அந்தம்மா மாறிப் போயிட்டாங்கம்மா, இது எங்க வீட்டு நம்பரு" என்றார் ஒருவர். இன்னொரு இடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மற்றோர் இடத்தில் எடுத்தவர் மிக நன்றாகப் பேசினார். முகாம் பெண் என்றதும், "அவங்களுக்கு எங்க சட்டம் பொருந்துமான்னு கேட்டுச் சொல்றேன்" என்றார்.

பொருந்தும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்தது. 'பாதிக்கப்பட்டவர்' யார் என்று சொல்லும் இடத்தில் அது குடியுரிமையைக் கேட்கவில்லை. எந்தப் பெண்ணும் என்றுதான் சொல்கிறது. 27ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போய், அவள் நிலையாகவோ தற்காலிகமாகவோ வசிக்கும் இடத்து நீதித்துறை நடுவரிடமே மனுச் செய்யலாம் என்கிறது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. நாற்பது ஆண்டுகளாகத் தற்காலிகமாக வசிக்கும் ஒரு மக்கள் கூட்டத்துக்கு, அந்தத் 'தற்காலிகமாக' என்ற ஒரு சொல்லிலாவது கதவு திறந்திருந்தது. அந்தப் பிரிவை அவள் பட்டியலின் தலையிலேயே தமிழில் எழுதி வைத்தாள், போனில் படித்துக் காட்ட வசதியாக.

பட்டியலில் மருத்துவமனையை முதல் வரியில் வைக்கச் சொன்னார் அக்கா. காவல் நிலையத்தை அல்ல. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவருக்கு எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் மாத்திரைக்கு 120 மணி நேரம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று அவள் பிறகு முடிவு செய்யலாம், அல்லது முடிவு செய்யாமலே இருக்கலாம். மருந்து காத்திருக்காது. பேருந்து இல்லாத, இ-பாஸ் கேட்கிற, ஆட்கணக்கு எடுக்கும் நாளில் முகாமில் இருந்தே ஆக வேண்டிய ஒரு பெண்ணுக்கு 72 மணி நேரம் எவ்வளவு குறுகியது என்று மலைமேல் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் 'கடைசியாக எடுத்துப் பேசிய தேதி' என்று ஒரு கட்டம் சேர்த்தாள். அக்கா அவளைப் பாராட்டியது அதற்கு மட்டும்தான்.

முகாம்களின் வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்ததும் அக்காதான். 2009 மேயில் இலங்கையில் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வவுனியாப் பக்கத்து முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவற்றில் பெரியதான மெனிக் பாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. அக்காவும் அந்தக் காலத்தில் ஏதோ ஒரு முகாமில் இருந்தவர். எது என்று சொன்னதில்லை. ஒருநாள், நிவாரணப் பணிகளுக்கான ஸ்பியர் கையேட்டின் சுகாதாரப் பகுதியை இருவரும் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். இருபது பேருக்கு ஒரு கழிவறை, ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று, உள்பக்கம் தாழ்ப்பாள், வழியில் விளக்கு. அவள் எண்களைக் குறித்துக்கொண்டே போனாள்.

"பிள்ளை, நாங்கள் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணி குடிக்கிறேல்லை," என்றார் அக்கா. "இருட்டினாப் பிறகு கக்கூசுக்குப் போற பாதையில லைட் இல்லை. சின்னப் பெட்டையளுக்கும் குடுக்கிறேல்லை. வெயிலெண்டா அப்பிடி வெயில்."

பிறகு கையேட்டின் அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

இந்தத் துறையில் விளக்கும் தாழ்ப்பாளும் விறகும்தான் மறுபடி மறுபடி வருகின்றன. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, சூடானின் தார்ஃபூரில் சில மாதங்களில் அவர்கள் சிகிச்சை அளித்த ஏறத்தாழ 500 பெண்களைப் பற்றியது. அவர்களில் பெரும்பாலோர் தாக்கப்பட்டது விறகு பொறுக்கப் போனது போன்ற அன்றாட வேலைகளின்போதுதான். ஆண்கள் போனால் கொல்லப்படுவார்கள் என்பதால் பெண்கள் போனார்கள். குறைந்த விறகில் எரியும் அடுப்பு அங்கே சமையல் சாதனமாக மட்டும் இருக்கவில்லை. நமக்கு இன்னும் நெருக்கமான கணக்கு கடலூரில் இருக்கிறது. 2004 சுனாமியில் அந்த மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146 என்று ஆக்ஸ்ஃபாம் அடுத்த ஆண்டு எழுதியது. கரையில் மீனுக்காகக் காத்திருந்தவர்கள், வீட்டில் குழந்தைகளோடு இருந்தவர்கள், நீந்தக் கற்றுக்கொடுக்கப்படாதவர்கள். அலை ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்கவில்லை. யார் எங்கே நிற்க வேண்டும் என்று அதற்கு முன்பே ஊர் முடிவு செய்து வைத்திருந்தது.

படித்த பெண்ணாயிற்றே, அவளுக்கு எண்கள் வேண்டியிருந்தன. எந்த முகாமில் எத்தனை பேர் அடி வாங்குகிறார்கள் என்று கேட்டுக் கணக்கெடுத்தால்தானே உதவி கேட்க முடியும்? துறையின் விதி நேர் எதிராக இருந்தது. வன்முறை நடக்கிறது என்றே எடுத்துக்கொள், எண்ணிக்கை வரட்டும் என்று காத்திருக்காதே என்கின்றன 2015ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல்கள். உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே ஒரு நிபந்தனை வைத்துவிட்டது: கேட்ட பிறகு அவளை அனுப்ப உள்ளூரில் சிகிச்சையும் துணையும் இல்லையென்றால், கேட்கவே கேட்காதே. கேட்டுவிட்டுப் போய்விடுவது அவளுக்கு ஆபத்து. அத்தை அடுக்களையில் ஒரே வரியில் சொன்னதைத்தான் ஜெனீவாவில் எட்டுப் பரிந்துரைகளாக எழுதியிருந்தார்கள்.

அதனால்தானோ என்னவோ, அந்தப் பயிற்சிக் காலம் முழுவதும் அவள் ஒரு பெயரைக்கூடப் பார்க்கவில்லை. வந்ததெல்லாம் குறியீட்டு எண்களும் வன்முறையின் ஆறு வகைப்பாடுகளும்தான். அந்த ஆறில் ஒன்று, வளங்களை மறுத்தல்; உதவித்தொகை வந்தவுடன் கணவன் பிடுங்கி வைத்துக்கொள்வது அதில் அடங்கும். இன்னொன்று கட்டாயத் திருமணம். மாடியறையில் உட்கார்ந்து அட்டவணையின் கட்டங்களை நிரப்பும்போது கட்டத்துக்குப் பின்னால் இருக்கும் ஆளைக் கற்பனை செய்யாமல் இருப்பதற்கே தனிப் பழக்கம் வேண்டியிருந்தது. களத்துக்குப் போயிருந்தால் நாலு பேரோடு உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வந்திருக்கலாம். அந்த ஆறுதலும் இல்லை. மாலையில் மடிக்கணினியை மூடிவிட்டு ஏரிவரை நடந்துபோய்த் திரும்புவாள். கேட்பவர்களுக்கு அத்தை, "பாப்பா ஆபீசு முடிச்சுட்டு வருது" என்பார்.

ஆகஸ்ட் 27 அன்று சட்டப்பேரவையில் முதல்வர் ஸ்டாலின் 110ஆம் விதியின் கீழ் முகாம் மக்களுக்காக 317 கோடியே 40 லட்ச ரூபாய்க்கான திட்டங்களை அறிவித்தார். 7,469 புது வீடுகள். குடும்பத் தலைவருக்கு மாத உதவி 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. அகதிகள் முகாம் என்ற பெயரும் அடுத்த நாளே மறுவாழ்வு முகாம் என்று மாறியது. நாளிதழ்கள் தொகையையும் பெயர் மாற்றத்தையும் தலைப்பாக்கின. அக்கா அனுப்பிய குறுஞ்செய்தியில் கேள்வி மட்டும் இருந்தது: வீட்டுக்குள் அறை உண்டா, கழிவறை உள்ளேயா வெளியேயா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடுவார்களா? குடிசையை இடித்து வீடு கட்டுவதைப் பெண்கள் பாதுகாப்பு வேலை என்று எந்த அரசாணையும் சொல்லாது. அந்தப் பயிற்சியில் அவள் படித்த கையேடுகள் எல்லாம் அப்படித்தான் சொல்லியிருந்தன.

நவம்பர் 2இல் வேலூர் மேல்மொணவூரில் அந்தப் புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்குள் அவளுடைய பயிற்சி முடிந்து, ஊரடங்கும் தளர்ந்து, ஒண்டிக்கடையில் கார்கள் பழையபடி நெரியத் தொடங்கிவிட்டன. சேவைப் பட்டியலை அடுத்து வந்த மாணவிக்கு ஒப்படைத்தாள். 'கடைசியாக எடுத்துப் பேசிய தேதி' என்ற கட்டத்தை அழித்துவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

2023 செப்டம்பர் 17இல் அதே மேல்மொணவூரில், கட்டி முடித்த 1,591 வீடுகள் திறக்கப்பட்டன. பல மாவட்டங்களின் வீடுகளும் அந்த எண்ணிக்கையில் அடக்கம். அவள் அப்போது சேலத்தில் வேலையில் இருந்தாள். செய்தியைப் பார்த்துவிட்டு, பட்டியல் வேலையில் பழக்கமான ஒரு முகாம் தன்னார்வலருக்குப் போன் செய்தாள். அவருக்கும் புது வீடு கிடைத்திருந்தது. வாழ்த்துச் சொல்லிவிட்டு, பேசத் தனி அறை இருக்கிறதா என்று கேட்டாள்.

"அறை இருக்கு தங்கச்சி," என்றார் அவர். "தாழ்ப்பாளும் இருக்கு. ஆனா அதுக்குள்ள இப்ப என்ட மாமி இருக்கிறா."